பாகம் வாங்கிச் சேர்ப்பதா, பெட்டியோடு வாங்குவதா?

சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், புளி வரத்தும் அரிசி விலையும் பேசி முடித்த கையோடு இப்போது எல்லோரும் பேசுவது கம்ப்யூட்டரைப் பற்றித்தான். காரணம் நாம் அறிந்ததே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு போர்டில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ப்ராசசர் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். நம்மில் பலர் கடையில் ஓடுகிற பெட்டிகளோ அதற்கு முந்தியவை. பில் போடுகிறது, பிரிண்ட் வருகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது கம்பெனிப் பெட்டி வாங்குவதா, அசெம்பிள் செய்து கொள்வதா என்பதே கேள்வி.

ஒரே ஒரு கல்லா வைத்து, நாளுக்கு நூறு பில் போடும் சில்லறைக் கடைக்காரருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. சிறிய கம்பெனிப் பெட்டி ஒன்றை, முறையான விண்டோஸ் உரிமத்தோடு வாங்கி வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம். நாம் எழுத வந்தது கனமான வேலை வாங்கும் யந்திரத்தைப் பற்றி. மொத்தக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து கொண்டு, நாலைந்து பில் கவுண்டர், கிடங்கு, லாரிக்கு இ-வே பில், பார்கோடு, காமிரா என்று எல்லாவற்றையும் ஒரே தலையில் சுமக்கிறதே, அந்த யந்திரத்தைப் பற்றி.

அந்தச் சுமை எப்படி ஏறியது என்பதை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். கர்நாடகம் 2005 ஏப்ரல் 1-ல் வாட் வரிக்குப் போனது. தமிழ்நாடு 2007 ஜனவரி 1-ல்தான் போனது. நடுவில் 21 மாதங்கள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு. இரண்டு மாநிலத்திலும் கொடுக்கல் வாங்கல் உள்ள ஓசூர் வியாபாரிகள் பேரேட்டை மூடிவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். பிறகு 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி., 2018 ஏப்ரல் 1-ல் வெளிமாநில சரக்குக்கு இ-வே பில், 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் கட்டிப் பெயர் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீதம், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ். கடைசியாக 2025 செப்டம்பர் 22. சோப்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை, பிஸ்கட், நெய் என்று கடையில் பாதிச் சரக்குக்கு ஒரே இரவில் வரி விகிதம் மாறியது. ஆயிரக்கணக்கான ஐட்டங்களை விடிவதற்குள் மாற்ற வேண்டியிருந்தது. நல்ல யந்திரம் வைத்திருந்தவர்கள் இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் மறுநாள் காலை, வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, மணல் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறோம் என்றால், அந்த உள்ளறைப் பெட்டி நின்றால் நிற்பது கம்ப்யூட்டர் அல்ல, கடை. சிப்காட் தொழிற்சாலைகளில் சம்பளம் போடுகிற வாரத்தின் சனிக்கிழமை மாலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். சில்லறைக் கடைக்காரர்கள் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு சரக்கு கேட்பார்கள். அவர்களுடைய பழைய பாக்கி எவ்வளவு என்பதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பாக்கி தெரியாமல் எப்படிப் புதுச் சரக்கு ஏற்றுவது?

இப்போது இரண்டு கட்சியையும் பார்ப்போம். கம்பெனிப் பெட்டி வாங்குவோர் சொல்வது: ஒரே பில், ஒரே உத்தரவாதம், கெட்டால் போன் செய்தால் ஆள் வருவார். அசெம்பிள் கட்சியார் சொல்வது: அதே பணத்துக்கு வேகம் அதிகம், வேண்டியதை மட்டும் போட்டுக் கொள்ளலாம், ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டு பேருமே பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்காருவார் என்பதைப் பேசுவதில்லை.

இந்த வாதம் நமக்கு முன்னால் அரசாங்கத்துக்கே வந்திருக்கிறது. 1980-களில் நம் நாடு அமெரிக்காவிடம் க்ரே என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கேட்டது. ஆயிரம் நிபந்தனைகளோடு, வானிலை ஆய்வுக்கு மட்டும் என்று சொல்லி, ஒன்று டெல்லிக்கு வந்தது. அதைவிடச் சக்தியுள்ளதைத் தர மறுத்துவிட்டார்கள். உடனே 1988-ல் புனேயில் சி-டாக் என்ற நிறுவனத்தை அரசு தொடங்கியது. விஜய் பட்கர் தலைமையில், சந்தையில் கிடைத்த பிரிட்டிஷ் தயாரிப்பான சிறிய ப்ராசசர்களைக் கூட்டமாகச் சேர்த்து 1991-ல் பரம் 8000 என்ற யந்திரத்தைக் கட்டிக் காட்டினார்கள். நமக்குப் பக்கத்தில் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தில் அதற்கும் முன்பே, 1986-ல், ஃப்ளோசால்வர் என்று ஒன்றை இதே வழியில் கட்டியிருந்தார்கள். ஒரு பெரிய மாட்டுக்குப் பதில் பல சிறிய மாடுகளைப் பூட்டி வண்டியை இழுக்க வைத்த கதைதான்.

இதைக் கேட்டதும் சில இளைஞர்கள், பார்த்தீர்களா, கட்டுவதுதான் சிறந்தது என்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். விலைக்குத் தர மறுத்ததால் கட்டினார்கள். கட்டியபின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அவர்களிடம் இஞ்சினியர் கூட்டமே இருந்தது. நம் கடையில் கணக்குப்பிள்ளையும், இரண்டு எடை போடும் பையன்களும்தான் இருக்கிறார்கள். கூகுள் நிறுவனமும் 1999-ல் மலிவான போர்டுகளைக் கார்க் அட்டைமேல் அடுக்கித்தான் தன் யந்திரங்களைக் கட்டியது. ஆனால் ஒன்று செத்தால் இன்னொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும்படி முதலிலேயே ஏற்பாடு செய்துகொண்டு கட்டியது. மலிவாகக் கட்டுவதில் தவறில்லை. கட்டினால் இரண்டாகக் கட்ட வேண்டும். ஒரு லட்சம் போட்டு ஒரு ராட்சச யந்திரம் வைப்பதைவிட, அதே பணத்தில் நடுத்தரமானது இரண்டு வைத்து, ஒன்று நின்றால் அரை மணி நேரத்தில் மற்றதில் கடையை ஓட்டலாம் என்பதே நம் கட்சி.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். மற்ற மாவட்ட வியாபாரிகளுக்கு இல்லாத ஒரு வசதியும் ஒரு தொல்லையும் எல்லையில் இருக்கிற நமக்கு உண்டு.

வசதி, பெங்களூர் எஸ்.பி. ரோடு. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு போல, கம்ப்யூட்டர் பாகம் எதுவானாலும் கிடைக்கும் இடம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாகத்தோடு திரும்பலாம், சில்க் போர்டு சந்திப்பு அனுமதித்தால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் அடைப்பு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது ஒரு நாள் வேலை. ஊத்தங்கரை அன்பர்களுக்கு இன்னும் கஷ்டம்.

தொல்லை, கம்பெனி சர்வீஸ். உத்தரவாத அட்டையில் ‘இடத்துக்கே வந்து சரிசெய்வோம், அடுத்த வேலை நாள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நாம் போன் செய்வோம். பின்கோடு கேட்பார்கள். 635 என்று ஆரம்பித்ததும் தமிழ்நாடு என்று கம்ப்யூட்டரில் விழும். ஒரு மணி தூரத்தில் பெங்களூரில் நூறு பேர் சும்மா இருக்க, புகார் நம் மாநிலத்தின் வேறொரு ஊர் கிளைக்குப் போகும். நம் கடைக்கே இது நடந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய கம்பெனியின் பெட்டி, போர்டு போய்விட்டது. அடுத்த வேலை நாள் என்பது ஆறாவது நாளாக வந்தது. வந்தவர் நல்ல பிள்ளை. “ஐயா, பாகம் இன்னும் வரவில்லை, நான் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்” என்றார். பார்த்துவிட்டுப் போனார். பாகம் ஒன்பதாவது நாள் வந்தது. அந்த ஒன்பது நாளும் நாங்கள் கார்பன் பேப்பர் வைத்துக் கையால் பில் எழுதி, பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஏற்றினோம். பழைய ஆட்கள் இருந்ததால் முடிந்தது. இன்றைய பையன்களுக்குக் கார்பன் பேப்பரை எந்தப் பக்கம் வைப்பது என்றே தெரியாது.

ஆகவே நம் தீர்ப்பு இது. கவுண்டர்களில் கம்பெனிப் பெட்டி. அங்கே வேலை லேசு. ஒன்று போனால் பக்கத்துக் கவுண்டரில் பில் போடலாம். சர்வீஸ் ஆள் மெதுவாக வரட்டும். உள்ளறையில் சுமை தூக்கும் யந்திரம் மட்டும் அசெம்பிள் செய்தது. அதையும் பெங்களூரில் முகம் தெரியாத கடையில் கட்டி வாங்காமல், நம் ஊரில் கடை போட்டிருக்கிற, ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் “வரேங்க ஐயா” என்று வண்டியை எடுக்கிற தம்பி ஒருவரைக் கொண்டு கட்ட வேண்டும். அவர் நம்மிடம் மூவாயிரம் நாலாயிரம் லாபம் வைக்கட்டுமே! நாமும் வியாபாரிகள்தானே. எஸ்.பி. ரோட்டு விலையை போனில் காட்டி அவரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, சனிக்கிழமை மாலை அவர் ஓடிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இணையத்தில் விலை பார்த்துவிட்டு நம் கடைக்கு வந்து பேரம் பேசுகிறவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஊத்தங்கரைப் பக்கம் அப்படி ஒரு ஆள் கிடைக்காதவர்கள் உள்ளறைக்கும் கம்பெனிப் பெட்டியே வாங்கலாம். ஆனால் மூன்று வருட உத்தரவாதத்தை வாங்கும் அன்றே சேர்த்து வாங்க வேண்டும். வாங்குமுன் சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று எழுத்தில் கேட்க வேண்டும். சிப்காட்டில் டை, அச்சு வரைபடம் போடுகிற ஜாப் ஒர்க் நண்பர்களுக்கும் கம்பெனி ‘ஒர்க் ஸ்டேஷன்’தான் உத்தமம். அவர்களுடைய வரைபட மென்பொருள்காரர்கள் இன்னின்ன யந்திரத்தில், இன்னின்ன கிராபிக்ஸ் கார்டில் சோதித்துச் சான்று தந்திருக்கிறோம் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாததில் வரைபடம் தவறினால் கேட்க நாதியில்லை.

அசெம்பிள் செய்யும்போது பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் முதலில் காட்டுவது விளையாட்டுப் பிள்ளைகளுக்கான பெட்டி. கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு, பச்சை, நீல விளக்கு. மாரியம்மன் திருவிழாச் சீரியல் செட் தோற்றுவிடும். கூட வந்த மகனுக்கு உடனே பிடித்துவிடும். கணக்கு வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. நம் வேலைக்கு வேண்டியது நல்ல எஸ்.எஸ்.டி., போதுமான ராம், கவுண்டர்களை இணைக்கும் ஒழுங்கான கேபிளும் சுவிட்சும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கடைசிச் சாமானில்தான் அசெம்பிள் கடைகள் காசை மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் வெளியே தெரியாது. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் சாகாது, போர்டையும் டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். பெயர் தெரிந்த தயாரிப்பு, வாட்ஸ், உத்தரவாத வருடம் மூன்றும் பில்லில் இருக்கட்டும்.

ப்ராசசர் மூடி பிரிக்காத பெட்டியில் வர வேண்டும். இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுக்கும் அப்படி வந்தால் மூன்று வருடத் தயாரிப்பாளர் உத்தரவாதம் உண்டு. ‘ட்ரே’ என்று உதிரியாக வருவது கொஞ்சம் மலிவு. ஆனால் அந்த உத்தரவாதம் நம் கைக்கு நேராக வராது, விற்றவர் வாய்வார்த்தைதான். மூட்டை பிரித்த சர்க்கரைக்கும் தையல் பிரியாத மூட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, மளிகைக்காரர்களுக்கு மட்டும் உரிய சங்கதி. மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் கம்ப்யூட்டருக்கு எமன். விசிறி உள்ளே இழுக்கிற காற்றோடு தூசியும் போய் சூடு வெளியேறும் இடத்தில் கம்பளி போலப் படிந்துவிடும். பிறகு, யந்திரம் மெதுவாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்பார்கள். கழற்றக்கூடிய தூசி வலை உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை கடைக்கு வெளியே வைத்து ப்ளோயரால் ஊதுங்கள். தரையில் வைக்காதீர்கள். எலி கேபிள் கடிப்பது இருக்கவே இருக்கிறது; அதற்குக் கம்பெனி உத்தரவாதமும் கிடையாது, அசெம்பிள் உத்தரவாதமும் கிடையாது.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. செயற்கை அறிவுக்காக உலகெங்கும் கட்டுகிற பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டதே காரணம். ராம் தயாரிப்பில் பெரிய கைகள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றுதான். அதில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மண்டியில் ஒரே ஆள் முழு லாட்டையும் எடுத்தால் சில்லறைக்கு என்ன மிஞ்சும் என்பதை நாம் அறிவோம். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குவதால் இந்த அடி அவர்களுக்குத் தாமதமாக விழும். அசெம்பிள் செய்பவருக்கு அன்றைக்கே விழும். ஆகவே இரண்டுக்கும் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட வேண்டும். போன வருட விலையை மனதில் வைத்துப் பேசக்கூடாது. பழைய பெட்டியில் டி.டி.ஆர்.4 ராம் நல்ல நிலையில் இருந்தால், அதை ஏற்கும் போர்டாகவே கேளுங்கள். பழைய ராமை எடைக்குப் போடாதீர்கள்.

விண்டோஸ் உரிமத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அசெம்பிள் பெட்டி மலிவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், உள்ளே போட்டிருப்பது திருட்டு விண்டோஸ் என்பதுதான். தெரிந்தே திருட்டு மென்பொருளை உபயோகிப்பவருக்குப் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. உரிம விலையையும் சேர்த்த பிறகே இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். திருத்தங்கள் ஒழுங்காக வராத விண்டோஸ் என்றால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் காட்டியது. டிஸ்க்கில் உள்ள ஃபைல்களைப் பூட்டு போட்டுவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்டது.

வரி விஷயத்தில் எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெங்களூரில் பாகம் வாங்கும்போது நம் ஜி.எஸ்.டி. எண்ணும் ஓசூர் விலாசமும் கொடுத்து, ஐ.ஜி.எஸ்.டி. போட்ட பில்லாக வாங்க வேண்டும். அப்போதுதான் அந்த 18 சதவீதத்தை நாம் வரவு எடுக்க முடியும். அவசரத்தில் கவுண்டரில் நின்று கர்நாடகத்தின் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. போட்ட பில்லை வாங்கி வந்தால், தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நமக்கு அந்த வரி திரும்பாது. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பல மடங்கு வரியில் விடுகிற வியாபாரம் இது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் வரவு கிடையாது. அவர்கள் முழு விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும். பில் மதிப்பு 50,000-க்கு மேல் போனால் சொந்தக் காரில் கொண்டுவந்தாலும் இ-வே பில் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்துக்கு வருமான வரியில் தேய்மானம் ஏற்கமாட்டார்கள். பாகம் பாகமாக வாங்குகிறவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். வங்கி மூலமே கொடுங்கள்.

கடைசியாக, பெட்டி எதுவானாலும் அதனுள் இருக்கும் கணக்கு நம்முடையது. ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்த வருடத்து ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவு காலம் எந்த டிஸ்க்கும் உயிரோடு இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். கம்பெனி உத்தரவாதம் டிஸ்க்குக்குத்தான், அதிலுள்ள பாக்கிக் கணக்குக்கு அல்ல; டிஸ்க்கை மாற்றித் தருவார்கள், வெறுமையாக. எங்கள் கடையில் வெளியே எடுத்துச் செல்லக்கூடிய டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி ஒன்று. செவ்வாய், வியாழன், சனி மற்றது. பிரதி எடுத்ததும் அன்றைய டிஸ்க் கல்லாப் பணத்தோடு வீட்டுக்குப் போகும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை இரண்டாவது யந்திரத்தில் ஏற்றி, பத்து பேருடைய பாக்கியைச் சரிபார்ப்போம். புது யந்திரம் கட்டச் சொல்லும்போதே அந்தத் தம்பியிடம் இந்தப் பரீட்சையை ஒரு தடவை நம் முன்னால் செய்து காட்டச் சொல்லி, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.